திங்கட்கிழமைதோறும் கைது

கண்டி வாவிக்கரைக்கு மேலே, காப்பிக் களஞ்சியமாக இருந்து காலியான ஒரு கட்டடத்தில் அன்றாட உண்மைக் கச்சேரி என்று ஓர் அரசாங்க அலுவலகம் நடந்தது. நம்ப மாட்டீர்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அதன் விறாந்தையில் குந்திக் குந்திக் கால் மரத்துப்போனவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ரயில் பாதை போடப்போகிறார்களாம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். மலையெல்லாம் காப்பி, தெருவெல்லாம் காப்பி மூட்டை, வண்டிக்காரனின் வியர்வையில்கூடக் காப்பி வாடை. இத்தனை காப்பிக்கு நடுவே களவும் அடிதடியும் இல்லாமல் இருக்குமா? அதையெல்லாம் கேட்டுத் தீர்க்கத்தான் அந்தக் கச்சேரியைத் திறந்திருந்தார்கள்.

அதன் தலைவர் ஹெப்பிள் துரை. நல்ல உயரம், வெயில் பட்டுத் தோலுரிந்த மூக்கு. கை சுத்தமானவர், ஒரு வாழைக்குலைகூட வாங்க மாட்டார். அங்கேதான் பிசகு. வாங்குகிற துரையாக இருந்தால் குலையைக் கொடுத்துக் காரியத்தைச் சாதித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவரிடம் இருந்ததோ கொள்கை.

கொள்கை இதுதான். இந்த ஊர் ஜனங்கள் முறைப்பாடு சொல்ல வாயைத் திறந்தால், "போன ஆவணியில, எம் மச்சான் வந்திருந்த அன்னிக்கு, மழை தூறிக்கிட்டிருந்துச்சு" என்று ஆரம்பிக்கிறார்கள். நடந்து முடிந்ததை யார் போய்ப் பார்ப்பது? ஆகவே நடந்து முடிந்தது எதையும் கச்சேரி கேட்காது. நடக்கப்போவதையும் கேட்காது, அது வெறும் ஆசை. எது எப்போதும் நடக்கிறதோ அது மட்டுமே உண்மை. சூரியன் கிழக்கே உதிக்கிறது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிறது. மாடு புல் தின்கிறது. இப்படிச் சொல்வதற்கென்றே இங்கிலிஷில் ஒரு காலம் இருக்கிறதாம், சாதாரண நிகழ்காலம் என்று. குறை உள்ளவன் தன் குறையை இங்கிலிஷில், அந்த ஒரே காலத்தில், தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் துரை போய்ப் பார்ப்பார். சொன்னபடி இருந்தால் நீதி கிடைக்கும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

திறப்பு விழாவில் துரை ஒரு பேச்சுப் பேசினார். நாங்கள் கப்பலேறி வந்தோம், காட்டை வெட்டினோம், ரோடு போட்டோம், உங்களுக்கு ஒழுங்கைக் கொண்டுவந்தோம் என்று ஒரு மணி நேரம் போனது. கூட்டத்திலிருந்த ஒரு காப்பி வியாபாரி மெல்ல எழுந்து, இதெல்லாம் நடந்து முடிந்தவைதானே என்று கேட்டார்.

"எங்களுக்கு நடந்தது சரித்திரம்" என்றார் துரை. "உங்களுக்கு நடந்தது வதந்தி."

எல்லாரும் கைதட்டினார்கள். வியாபாரியும் தட்டினார். துரை சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் கபிரியேல் முதலியார், கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், கறுப்புக் கோட்டும் குடையுமாகத் திரிவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. துரை சொன்னதை ஜனங்களுக்கும், ஜனங்கள் சொன்னதில் துரை தாங்கக்கூடியதைத் துரைக்கும் சொல்லிப் பிள்ளைகுட்டிகளை வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஜனங்களுக்கு இங்கிலிஷ் தெரியாதே, என்ன செய்வது? காலையில் விறாந்தையில் வகுப்பு வைத்தார்கள். முறைப்பாட்டுக்காரர்கள் சப்பணம் கொட்டி உட்கார்ந்து, சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று இங்கிலிஷில் கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் வாவியில் நின்ற கொக்குகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. "ஐ கோ" என்றால் "நான் போகிறேன்" என்று கபிரியேல் சொல்லிக்கொடுத்த அன்றைக்குத் தோட்டத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயையோ, விடிஞ்சும் விடியாம வாயில வர்ற வார்த்தையா இது? போயிட்டு வர்றேன்னு சொல்லிக் குடுங்கய்யா."

"அப்பிடிச் சொல்லேலாது பிள்ளையள். போறதெண்டால் போறது மட்டுந்தான்."

"போனவுக திரும்பி வரவேணாமா?"

கபிரியேல் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு மனுச் சொல்ல வேண்டும் என்று துரை தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

வகுப்பில் தேறி உள்ளே போனவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். கெலிஓயாவிலிருந்து வந்த ஒருவர், என் எருமை களவு போகிறது என்று பிழையில்லாமல் சொன்னார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று துரை கேட்டார். ஒரே தடவைதான் என்றார் அவர், பாவம், உண்மையைச் சொல்லி. ஒரே தடவை நடப்பது உண்மை அல்ல, விபத்து என்று அனுப்பிவிட்டார்கள். அம்பிட்டியக்காரர் ஒருவர், என் வீடு எரிகிறது என்றார். துரை அப்போதே குதிரையேறி அம்பிட்டியவுக்குப் போய்ச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தார். ஆறிக் குளிர்ந்து கிடந்தது. பொய் சொன்னதற்காக அந்த மனிதரை வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு விதவை, என் புருஷன் சாகிறான் என்றாள். எப்போதிலிருந்து இந்த வழக்கம் என்று துரை கேட்டார். அவள் அழுதாள். அழுகை எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரியாததால் அதையும் கச்சேரி கணக்கில் எடுக்கவில்லை.

கட்டுகலைக்காரர் ஒருவர்தான் புத்திசாலி. அவரைப் பக்கத்து வீட்டுக்காரன் அடித்திருந்தான். அவர் திரும்பிப் போய் அந்தப் பக்கத்து வீட்டுக்காரனையே கெஞ்சி, வியாழக்கிழமைதோறும் வந்து அடிக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார். துரை ஒரு வியாழக்கிழமை போய் வேலியோரம் நின்று பார்த்தார். சொன்னபடியே அடி விழுந்தது. மனு ஏற்கப்பட்டது. தீர்ப்பு பின்னால் வரும் என்றார்கள். ஊரே அதிசயப்பட்டது. அன்றாடக் கச்சேரியில் ஒருத்தனுடைய மனுவை ஏற்றுக்கொண்டு விட்டார்கள் என்றால் லேசுப்பட்ட காரியமா?

இந்தச் சமயத்தில்தான் வேலாயி ஹேவாஹெட்டவிலிருந்து வந்து சேர்ந்தாள்.

அவளும் அவள் புருஷன் சின்னமுத்துவும் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து காப்பிப் பழம் பறிக்க வந்தவர்கள். பறிப்பு முடிந்துவிட்டது. அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த கங்காணி கறுப்பையாவின் கூட்டம் ஊருக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தது. தைப்பூசம் கழிந்த திங்கட்கிழமை புறப்பாடு. மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்து, மன்னாரில் தோணி ஏறி, அந்தப் பக்கம் மறுபடி நடக்க வேண்டும். அந்தக் காட்டைக் கூட்டத்தோடு கடப்பதே கஷ்டம். யானை, காய்ச்சல், குடிக்கத் தண்ணீர் கிடையாது. கூட்டத்தை விட்டால் அப்புறம் ஊர் கிடையாது. ஊரில் மாமியாரிடம் ஒரு பெண் குழந்தையை விட்டு வந்திருந்தார்கள். விட்டு வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தது.

வழிக்குக் கருவாடு வாங்கி வரச்சொல்லிக் கங்காணி சின்னமுத்துவைக் கண்டிக்கு அனுப்பினார். அவன் ஒரு சிப்பம் கருவாட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, தோட்டத்தை விட்டு ஓடுகிறவன் என்று பொலிஸ்காரர் பிடித்து மறியல் வீட்டுச் சிறையில் போட்டார். ஓடுகிறவன் ஊருக்கே கருவாடு கட்டிக்கொண்டா ஓடுவான்? அந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.

முதலில் கங்காணிதான் கச்சேரிக்குள் போனார். மீசையை நீவிவிட்டுக்கொண்டு, "நாந்தான் தொரை அனுப்பிச்சேன், அவம் மேல குத்தமில்ல" என்றார். கங்காணி வெறும் சாட்சி என்பதால் கபிரியேல் அதை, நான் இவனைக் கண்டிக்கு அனுப்புகிறேன் என்று சட்டத்துக்குப் பொருந்த இங்கிலிஷில் மாற்றினார்.

"தினமும் அனுப்புகிறாயா?" என்று துரை கேட்டார்.

ஆமென்றால் நல்லது என்று கங்காணி நினைத்துக்கொண்டார். "தெனமுந்தான் தொரை! காலையில எந்திரிச்சா அதான் மொத வேலை."

தினமும் கண்டியில் இருப்பவன் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. வேலை செய்யாமல் வெளியே திரிகிறவனுக்கு ஓடுகாலி என்று பெயர். பொலிஸ்காரர் செய்தது சரி என்று துரை முடித்துவிட்டார். கங்காணி வெளியே வந்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாயீ, இதுக்கு மேல நான் வாயத் தொறந்தா உம் புருசனத் தூக்குல போட்டுருவாங்க. நீயே பேசு. தைப்பூசம் கழிஞ்ச திங்கக்கெழமைக்கு அப்புறம் ஒருநாள்கூட என்னால நிக்க முடியாது. அம்புட்டுப் பேருக்கு நான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மறியல் வீட்டுக்கு எதிரே ஜவாஹிர் என்பவரின் பலசரக்குக் கடை இருந்தது. அவர் வேலாயியைப் பார்த்தார், அவள் கையில் இருந்த ஒற்றை முடிச்சைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. "பின்னுக்குச் சாக்கு அறை ஈக்கிது புள்ள. எங்கட வீட்டாக்களோட நெல்லுக் குத்திக்கொண்டு இருங்கொ" என்றார். அவள் நெல் குத்திக்கொண்டே இங்கிலிஷ் படித்தாள். உலக்கை மேலே போகும்போது ஒரு சொல், கீழே வரும்போது ஒரு சொல். பஸீஹா என்ற அந்த வீட்டுப் பெண், கூடவே குத்தியவள், அவளுக்கு முன்னே தேறிவிட்டாள்.

வேலாயி முதல் தடவை துரைக்கு முன்னால் நின்றபோது, அவர்கள் என் புருஷனைப் பிடிக்கிறார்கள் என்று சரியாகத்தான் சொன்னாள்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"ஒரே ஒருவாட்டிதான் சாமி. அதுவே போதுமே!"

அடுத்தவர் என்று மணி அடித்துவிட்டார்கள். அவள் விறாந்தைத் தூணைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். பியோன் வந்து இழுத்துப் பார்த்தான். கடைசியில் கபிரியேல் வந்து பக்கத்தில் குந்தினார்.

"அழாத பிள்ளை. சட்டத்துக்கு உன்னில கோபம் இல்லை. உன்ர விஷயம் ஒருக்கா மட்டும் நடந்துபோச்சு, அதுதான் சிக்கல். அது வழக்கமா நடந்தால் துரை கேப்பார்."

"அப்ப நடக்க வைங்கய்யா."

விளையாட்டுக்குச் சொன்னாளோ, வயிற்றெரிச்சலில் சொன்னாளோ தெரியாது. கபிரியேல் எழுந்து உள்ளே போனார். போனவர் வெகு நேரம் வரவில்லை. வரும்போது முகமெல்லாம் பிரகாசம்.

துரைக்கு யோசனை பிடித்துப்போயிற்றாம். உடனே உத்தரவு போட்டு, அதற்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தாராம். முறைப்பாடுகளைத் தீர்ப்பது மட்டும் அரசாங்கத்தின் கடமை அல்ல. தீர்க்கத் தகுதியில்லாத முறைப்பாட்டைத் தகுதியுள்ளதாக வளர்த்தெடுப்பதும் கடமை. இந்த ஏழைப் பெண்ணின் துயரம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்துவோம். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் காலையில் சின்னமுத்துவை மறியல் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே விடுவார்கள். அவன் ரோட்டிலுள்ள சின்ன மதகு வரைக்கும் நடப்பான். அங்கே பொலிஸ்காரர் அவன் தோளில் கைவைத்து, மறுபடி பிடித்துக்கொண்டு உள்ளே போவார். மதகு எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் போய்விடலாம்.

"இதென்ன கூத்துய்யா?" என்றாள் வேலாயி. "வெளிய விட்டவர அப்பிடியே விட்டுறலாமே?"

"விட்டால் உன்ர முறைப்பாடு பொய்யாப் போயிடும்" என்றார் கபிரியேல். அவருக்கே அது நியாயமாகப் பட்டது.

முதல் திங்கட்கிழமை அவள் விடிவதற்கு முன்பே மதகடியில் போய் நின்றாள். கதவு திறந்தது. சின்னமுத்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. வயதான மலாய்க்காரப் பொலிஸ்காரர், நல்ல மனிதர், வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி நடந்து வந்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான் சின்னமுத்து.

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஏதோ குடுக்குறாங்க. கங்காணி என்ன சொல்றாரு?"

"தைப்பூசம் கழிஞ்சு கெளம்புறாகளாம். கருவாட்டப் பத்திக் கேட்டாரு."

"அத அன்னிக்கே பொலிசுல தின்னுட்டாங்க புள்ள. என் கண்ணு முன்னாலயே சுட்டுத் தின்னாங்க."

அவ்வளவுதான் பேச முடிந்தது. மதகு வந்துவிட்டது. பொலிஸ்காரர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவன் தோளில் கையை வைத்தார். அவர்கள் திரும்பிப் போன பிறகு வேலாயி செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புருஷன் முகத்தைக் கண்ணால் கண்டுவிட்டால் கண்ட இடத்திலேயே சூடம் கொளுத்துகிறேன் என்று முத்துமாரிக்கு நேர்ந்திருந்தாள். ஜவாஹிர் கடையில் ஒரு கட்டி சூடம் வாங்கி, மதகுக் கல்லில் வைத்துக் கொளுத்திக் கும்பிட்டாள். நம் சனங்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவன் கதவில் தலைகாட்டியதுமே கொளுத்திவிட்டாள். அந்த நேரம் மாத்தளை ரோட்டால் ஒரு புதுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. காட்டு வழியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். கும்பிட ஒரு கல் கிடைத்தால் போதும் என்ற நிலையில் வந்தவர்கள். பார்த்தால், கல்லிலே சூடம் எரிகிறது. தாடி வைத்த ஒருவர் ஒரு கதவைத் திறந்துகொண்டு வருகிறார். பின்னாலே காவலாள். கல்லுக்கு வந்ததும் தொட்டு, திரும்ப உள்ளே அழைத்துப் போகிறார்கள். கதவு சாத்துகிறது. சாமி புறப்பாடு அல்லாமல் வேறென்ன? கூட்டம் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டது.

மறு வாரம் தேங்காய் உடைத்தார்கள். அதற்கு மறு வாரம் தப்பு மேளம் வந்தது. ஹேவாஹெட்ட, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்தார்கள். திங்கட்கிழமைச் சாமி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சின்னமுத்து, "நான் கருவாடு வாங்க வந்தவன்யா, என்னைய விடுங்கய்யா" என்று சொல்லிப் பார்த்தான். சாமி எளிமையாகப் பேசுகிறது என்று அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மலாய்க்காரப் பொலிஸ்காரருக்கும் ஒரு மாலை விழுந்தது. அவர் அதைக் கழற்றவும் முடியாமல் போடவும் முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜவாஹிர் வேலாயியைக் கூப்பிட்டார். "புள்ள, நான் சூடம் விக்கிற மனிசன். நானே சொல்றேன், இது நல்லதுக்கில்ல. ஆக்களப் போகச் சொல்லுங்கொ."

"நாலு பேரு பாத்தா சாட்சி ஆகும்ல, ஜவாஹிர் நானா?" என்றாள் வேலாயி.

நியாயமான பேச்சுத்தானே? எனக்கும் அப்போது அது சரி என்றுதான் பட்டிருக்கும்.

தைப்பூசம் கழிந்து சில நாளில், கூட்டம் புறப்படுவதற்குச் சற்று முன்பாக, அவளை உள்ளே கூப்பிட்டார்கள். குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கபிரியேல் உதட்டை அசைத்துத் தைரியம் கொடுத்தார். அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"தே அரெஸ்ட் மை ஹஸ்பண்ட் எவ்ரி மண்டே."

துரை கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். இந்த மலைநாட்டில் தம் காதால் கேட்ட முதல் முழு உண்மை இது என்றார். சூரியன் உதிப்பதைப்போல ஐயமற்றது, இலக்கணம் பிசகாதது, எந்தத் திங்கட்கிழமையும் போய்ப் பார்த்துக்கொள்ளத்தக்கது என்றார். தாமே போய்ப் பார்த்ததாகவும் சொன்னார். பிறகு உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார். கபிரியேல் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"துரை சொல்றார், உன்ர மனு பூரண உண்மை. ஆனபடியால் அதுக்கு வெகுமதியா உன்ர கையைப் பிடிச்சுக் குலுக்குவாராம். துரை சொல்றார், தான் அங்க போனபோது சூடம் கண்டவர், தேங்காய் கண்டவர், தப்புச் சத்தம் கேட்டவர். ஆகவே இது இந்த ஊர்ச் சனத்தின்ர சமய வழக்கம். மலைநாட்டைப் பிடிக்கேக்க அரசாங்கம் ஒரு வாக்குக் குடுத்தது, சனங்களின்ர வழக்கங்களில கை வைக்கிறதில்லையெண்டு. அந்த வாக்கைத் தான் உயிர் போனாலும் காப்பாராம். திங்கட்கிழமைக் கைது எண்டைக்கும் தடையில்லாமல் நடக்கும். அதுக்கு ஒரு பொலிஸ்காரரை நிரந்தரமா விட்டிருக்கு. மனு முடிஞ்சுது."

வேலாயிக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அய்யா, அது எங்க வழக்கம் இல்லய்யா. இந்தத் தொரை சொல்லித்தானே நடக்குது? நான்தானே சூடம் கொளுத்துனேன்? அதச் சொல்லுங்கய்யா அவருகிட்ட."

"அதெல்லாம் நடந்து முடிஞ்சது பிள்ளை."

"உங்களுக்கு அத இங்கிலிசுல சொல்லத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் கபிரியேல். குடையை எடுத்து, திறக்காமலே பிடித்துக்கொண்டார். "தெரியும். சொல்லேலாது."

அப்போது கட்டுகலைக்காரரின் தீர்ப்பும் வந்திருந்ததாம். வியாழக்கிழமை அடி ஊர் வழக்கம், அரசாங்கம் தலையிடாது என்று. பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் கை வலி என்று கேள்வி.

திங்கட்கிழமை வந்தது. கங்காணி கறுப்பையாவின் கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு ஜவாஹிர் கடைக்கு முன்னால் வந்து நின்றது. வெயில் ஏறுவதற்குள் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிவிட வேண்டும். "முகத்தப் பாத்துட்டு வந்துரு தாயீ. வேற என்ன செய்ய முடியும்? புள்ளைக்கு நீயாச்சும் வேணும்ல" என்றார் கங்காணி. வேலாயி மதகடிக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே கால் வைக்க இடமில்லை.

அன்றைக்கு நடந்ததை என்னவென்று சொல்வது? மலாய்க்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. நிரந்தரமாகப் போட்ட ஆள் இன்னும் வந்து சேரவில்லை. மறியல் வீட்டுக் காவலாளி வழக்கப்படி கதவைத் திறந்து சின்னமுத்துவை வெளியே விட்டுவிட்டு, சுருட்டுப் பற்றவைக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். சின்னமுத்து நடந்து மதகுக்கு வந்தான். நின்றான். தோளில் ஒரு கையும் விழவில்லை. திரும்பிப் பார்த்தான், யாருமில்லை. வேலாயியைப் பார்த்தான்.

"வாங்க" என்றாள் அவள். சத்தமே வரவில்லை. "வாங்க, வாங்க."

கங்காணி கடை வாசலிலிருந்து கையை ஆட்டினார். ஜவாஹிர் கடைப்பலகையை விலக்கி வழிவிட்டார். சின்னமுத்து மதகைத் தாண்டி ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான். வேலாயி அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

தப்பு நின்றது.

"சாமி எங்கப்பா போவுது?" என்றார் முன்வரிசையில் நின்ற தாடிக்காரப் பெரியவர், வேறொரு தோட்டத்துத் தலைக்கங்காணி.

"எல்லையத் தாண்டிருச்சு!" என்று ஒருத்தி அலறினாள். "தெய்வக் குத்தம் ஆயிரும்! எங்க புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துரும்!"

பிறகு யார் சொல்லி யார் கேட்பது? பத்துக் கைகள் அவனைப் பிடித்தன. அடிக்கவில்லை, இழுக்கவில்லை. பூவை எடுக்கிற மாதிரி மரியாதையாகத் தூக்கினார்கள். "வேணாம்யா, நான் மனுசன்யா, எம் பேரு சின்னமுத்துய்யா" என்று அவன் கத்தியது அரோகராவில் அமுங்கிப் போயிற்று. தோளில் வைத்துக்கொண்டு மறியல் வீட்டுக்குள் போய் இறக்கி, கால்களைத் தொட்டுக் கும்பிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தித் தாங்களே தாழ்ப்பாளையும் போட்டார்கள். கதவுக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்தார்கள். கண்டியில் அத்தனை ஒழுங்காக ஒரு கைதி மறியலுக்குப் போனது அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை.

வேலாயி பாய்ந்தாள். கண்டவனையெல்லாம் அடித்தாள், தாழ்ப்பாளைப் பிடித்து உலுக்கினாள், தலைமுடி அவிழ்ந்து கிடக்க நெஞ்சிலே அறைந்துகொண்டு கதறினாள்.

"ஆத்தா வந்துட்டா!" என்றார்கள் கூட்டத்தில். தப்பு மறுபடி தொடங்கியது, இப்போது இன்னும் வேகமாக. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். கங்காணி கறுப்பையா, "விடுங்கடா, அது சாமி இல்லடா, எங்க கூட்டத்துப் பொண்ணுடா" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரப் பார்த்தார். அவருடைய ஆட்களே சிலர் அதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறிவிட்டது. எவ்வளவு நேரம்தான் நிற்பார் அவரும்? நெற்றியில் அறைந்துகொண்டு மூட்டையைத் தூக்கினார். கூட்டம் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக நடந்து, வளைவில் மறைந்தது.

வேலாயி கதவடியில் விழுந்து கிடந்தாள். அவளைச் சுற்றிச் சனங்கள் கைகட்டி நின்றார்கள். தாடிக்காரப் பெரியவர் குனிந்து, அவள் நெற்றியில் திருநீறு பூசினார்.

"ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்? கேளு. எங்க உசுர வித்தாவது செய்யறோம்."

"அவர வெளிய விடுங்க" என்றாள் வேலாயி. "ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், அவர வெளிய விடுங்க."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார்.

"விடுறோம் தாயே. திங்கக்கெழம தவறாம விடுறோம்."